உருகிய கண்ணாடியில் கரண்ட் எப்படி ஓடுகிறது?

வேதியியல் வகுப்புகளில் காட்டும் பழைய செய்முறை ஒன்று உண்டு. ஒரு குண்டு பல்பு. அதற்குப் போகும் இரண்டு ஒயர்களில் ஒன்றை நடுவில் வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் ஒரு கண்ணாடிக் கம்பியின் மேல் விரற்கடை இடைவெளி விட்டுச் சுற்றிவிடுவார்கள். ஸ்விட்சைப் போட்டால் பல்பு எரியாது. எப்படி எரியும், நடுவில் இருப்பது கண்ணாடி ஆயிற்றே. இப்போது அந்த இடைவெளியில் பர்னர் சுடரைக் காட்டவேண்டும். முதலில் சுடர் மஞ்சளாகிறது. அப்புறம் கம்பி சிவக்கிறது, மெல்லத் தொய்கிறது. அந்த நேரத்தில் பல்பின் இழை லேசாகச் சிவப்பது தெரியும். இன்னும் சில நொடிகளில் பல்பு பளிச்சென்று எரியும். உண்மையான வேடிக்கை இதற்குப் பிறகுதான். பர்னரை அணைத்துவிட்டாலும் பல்பு அணைவதில்லை. கண்ணாடி தன்பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டே இருக்கும். கம்பி உருகி இழுபட்டு அறுந்து விழும்போதுதான் எல்லாம் அடங்கும்.

வீட்டில் இதைச் செய்து பார்க்கவேண்டாம். வீட்டு மின்சாரம் திறந்த ஒயரில் ஓடும் செய்முறை இது. தெரிந்தவர் கையில் மட்டும் இருக்கட்டும்.

ஹைடென்ஷன் டவர்களில் மின்கம்பியைத் தாங்கித் தொங்கும் வட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல கண்ணாடியால் ஆனவை. லட்சக்கணக்கான வோல்ட்டைத் தடுத்து நிறுத்தும் பொருள் அது. ஜன்னல் கண்ணாடியை 1400 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், அதன் மின்கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 30 சீமென்ஸ் அளவுக்கு வந்துவிடுகிறது. கடல்நீருக்கு இந்த எண் சுமார் 5. அதாவது உருகிய ஜன்னல் கண்ணாடி கடல்நீரைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது. அறை வெப்பத்தில் இருந்ததோடு ஒப்பிட்டால், 1 போட்டுப் பத்துக்கும் மேற்பட்ட சுழிகள் போட்டால் வரும் எண் எவ்வளவோ, அத்தனை மடங்கு உயர்வு.

ஏன்? பலரும் சொல்லும் பதில், "சூட்டில் எலக்ட்ரான்கள் விடுபட்டு ஓடுகின்றன" என்பது. தவறு. செம்புக் கம்பியில் ஓடுவது எலக்ட்ரான்தான். ஆனால் செம்பைச் சூடாக்கினால் அதன் மின்தடை கூடும். இங்கே நடப்பதோ நேர் எதிர். ஆகவே ஓடும் ஆள் வேறு. யார் என்பதற்கான துப்பு அந்தச் செய்முறையிலேயே கண்ணுக்குத் தெரிந்தது: சுடர் மஞ்சளாக மாறியதே, அது சோடியத்தின் நிறம்.

இதை 1884இல் எமில் வார்பர்க் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் நேரடியாகக் காட்டினார். கண்ணாடியை உருக்கக்கூட இல்லை. சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கி, இரு பக்கமும் பாதரசம் வைத்து மின்சாரம் செலுத்தினார். கொஞ்ச நேரத்தில் மின்னோட்டம் வெகுவாகக் குறைந்துபோனது. நேர்மின் பக்கத்தில் கண்ணாடியின் விளிம்பிலிருந்து சோடியம் முழுக்க வெளியேறி, சிலிக்கா மட்டும் மிஞ்சிய ஒரு மெல்லிய ஏடு உருவாகி வழியை அடைத்துவிட்டது. அந்தப் பக்கம் வெறும் பாதரசத்துக்குப் பதில் சோடியம் கரைத்த பாதரசத்தை வைத்தபோது மின்னோட்டம் நிற்காமல் ஓடியது. ஒரு பக்கம் சோடியம் கண்ணாடிக்குள் நுழைகிறது, மறுபக்கம் வெளியே வருகிறது. கண்ணாடி அப்படியே இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1925இல் ராபர்ட் பர்ட் செய்த சோதனை. சாதாரண பல்பு ஒன்றை உருகிய சோடியம் நைட்ரேட்டில் அமிழ்த்தி, பல்பின் இழையைச் சூடாக எரியவிட்டு, வெளியே உள்ள உப்பு நேர்மின் முனையாகவும் இழை எதிர்மின் முனையாகவும் இருக்கும்படி இணைத்தார். இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் பல்பின் உட்சுவரை வந்தடைகின்றன. அங்கே கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்து நிற்கும் சோடியம் அயனிகள் (ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின்னூட்டத்தோடு இருக்கும் சோடியம் அணுக்கள்) அவற்றை வாங்கிக்கொண்டு உலோகமாகின்றன. மூடி முத்திரையிட்ட பல்புக்குள், ஓட்டை ஒன்றும் போடாமலே, பளபளவென்று சோடியம் உலோகம் சேர்கிறது! எவ்வளவு மின்னூட்டம் சென்றதோ அதற்குச் சரியாக ஃபாரடே விதி சொல்லும் எடை. கண்ணாடிச் சுவரில் ஓடுவது சோடியம் அயனிதான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

சரி, திடமான கண்ணாடிக்குள் அது எப்படி நகர்கிறது? இதற்குக் கண்ணாடியின் உள்கட்டமைப்பைப் பார்க்கவேண்டும்.

மணலிலும் வெங்கச்சங்கல்லிலும் இருப்பது சிலிக்கா. அதன் அடிப்படைத் துண்டு ஒரு நான்முகி: நடுவில் ஒரு சிலிக்கான், நான்கு மூலைகளில் நான்கு ஆக்சிஜன். காட்டில் காலில் ஏறும் நெருஞ்சி முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். எப்படிப் போட்டாலும் ஒரு முனை மேலே பார்த்து நிற்கும். அந்த மாதிரி நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள். ஒவ்வொரு மூலை ஆக்சிஜனும் அடுத்த நான்முகிக்கும் பொது. இரண்டு சிலிக்கானுக்கு நடுவே பாலம் போல நிற்பதால் அதைப் பால ஆக்சிஜன் என்று சொல்லலாம். இப்படி எல்லா மூலைகளும் கைகோத்தால் முப்பரிமாணத்தில் ஒரு வலை கிடைக்கிறது. வெங்கச்சங்கல்லில் இந்த வலை கோலப்புள்ளி போல ஒழுங்கானது. கண்ணாடியில் அதே நான்முகிகள், அதே கைகோப்பு, ஆனால் ஒழுங்கு கலைந்தது. கண்ணாடியைப் பற்றிய இந்தச் சித்திரத்தை 1932இல் சக்கரியாசென் முன்வைத்தார். இன்றைக்கும் பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வெறும் சிலிக்கா 1700 டிகிரிக்கு மேல்தான் உருகும். உருகினாலும் ஓடாது, வலை அறுபடாமல் இருப்பதால் அத்தனை கெட்டி. மின்சாரத்தையும் ஏறக்குறைய கடத்தாது. உருகியதுதானே, ஏன் கடத்தவில்லை என்று கேட்டால், அங்கே ஓடுவதற்கு ஆள் இல்லை. சிலிக்கானும் ஆக்சிஜனும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. ஆகவே உருகுவது மட்டுமே மின்சாரத்தைக் கடத்த வைத்துவிடாது. ஆரம்பத்தில் சொன்ன செய்முறையைத் தூய சிலிக்காக் கம்பியில் செய்தால் பர்னர் தீர்ந்துபோகுமே தவிர பல்பு எரியாது.

இதில் சோடாவைச் சேர்த்தால் கதை மாறுகிறது. சோடா என்பது சோடாச் சாம்பல், அதாவது சோடியம் கார்பனேட். அது சூட்டில் சிதைந்து சோடியம் ஆக்சைடைக் கொடுக்கிறது. அது தன் ஆக்சிஜனோடு வந்து ஒரு பாலத்தை அறுக்கிறது. முன்பு ஒரு ஆக்சிஜனைப் பகிர்ந்துகொண்ட இரண்டு நான்முகிகளுக்கும் இப்போது ஆளுக்கொரு ஆக்சிஜன். ஆனால் பாலம் இல்லை. அறுந்த இரண்டு நுனிகள்தான் உண்டு. ஒவ்வொரு நுனியிலும் ஒரு எதிர்மின்னூட்டம். பக்கத்தில் துணைக்கு ஒரு சோடியம் அயனி. சோடா கூடக்கூட வலை மேலும் மேலும் அறுபடுகிறது. சோடியம் ஆக்சைடும் சிலிக்காவும் சரிபாதி மூலக்கூறுகளாக இருந்தால் சராசரியாகச் சங்கிலிகள் மிஞ்சும். சிலிக்காவைப் போல இரண்டு மடங்கு சோடியம் ஆக்சைடு இருந்தால் தனித்தனி நான்முகிகள்தான் மிஞ்சும். கண்ணாடிக்காரர்கள் சிலிக்காவை வலை கட்டுவது என்றும் சோடா, சுண்ணாம்பு போன்றவற்றை வலையை மாற்றுவது என்றும் பிரிப்பது இதனால்தான்.

இந்தச் சோடியம் அயனிகள் வலை முழுக்கச் சமமாகத் தூவப்பட்டவை அல்ல. அறுந்த நுனிகளை ஒட்டிக் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, வலைக்கு நடுவே வாய்க்கால் மாதிரி வழிகள் அமைகின்றன என்ற கருத்தை 1985இல் கிரீவ்ஸ் எக்ஸ் கதிர் அளவீடுகளை வைத்துச் சொன்னார். உருகிய நிலையிலும் இத்தகைய வழிகள் இருப்பதை நியூட்ரான் சிதறல் சோதனைகளும் கணினி உருவகங்களும் பின்னாளில் காட்டின.

இப்போது காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். படிக்கட்டு வரை கூட்டம். பயணிகள் மேல் கம்பியைப் பிடித்தபடி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிறார்கள். யாரும் நகர முடியாது. ஆனாலும் கண்டக்டர் முன்படிக்கும் பின்படிக்கும் எப்படியோ போய்வந்துகொண்டிருக்கிறார். கூட்டம் கொஞ்சம் அசைந்து கொடுக்கும் நேரம் பார்த்து ஓர் அடி, பிறகு இன்னொரு அடி. சிலிக்காவோடு சோடா போன்றவை சேர்ந்தால் கிடைப்பது சிலிக்கேட். உருகிய சிலிக்கேட்டில், அதாவது சிலிக்கேட் உருகலில், வலை என்பது பயணிகள். சோடியம்தான் கண்டக்டர். (ஆங்கிலத்தில் மின்கடத்திக்கும் அவருக்கும் ஒரே பெயர் என்பது தற்செயலாக வாய்த்த வசதி.) ஓர் அறுந்த நுனியின் பக்கத்திலிருந்து இன்னொரு நுனியின் பக்கத்துக்குத் தாவ அயனிக்கு ஒரு தடையைத் தாண்டும் ஆற்றல் வேண்டும். சூடு ஏற ஏற அந்த ஆற்றல் கிடைக்கும் அயனிகளின் விகிதம் வேகமாகப் பெருகுகிறது. மின்கடத்துதிறன் சூட்டோடு ஏறுவதன் காரணம் இவ்வளவுதான்.

பர்னரை அணைத்த பிறகும் பல்பு எரிந்ததற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. மின்சாரம் பாய்வதால் கண்ணாடி சூடாகிறது. சூடானதும் இன்னும் அதிகம் பாய்கிறது, அதனால் இன்னும் சூடாகிறது. இப்படியே விட்டால் மின்னோட்டம் கட்டுமீறிப் போய்விடும். தொடரில் இருக்கும் பல்பு தன் தடையால் அதைப் பிடித்து நிறுத்துகிறது. பல்பு அங்கே இருப்பது நமக்குக் காட்டுவதற்காக மட்டும் அல்ல.

பஸ் உதாரணத்தால் இன்னொரு விஷயமும் விளங்கும். உருகல் எவ்வளவு கெட்டி என்பதைத் தீர்மானிப்பது பயணிகள். கரண்ட் எவ்வளவு ஓடும் என்பதைத் தீர்மானிப்பது கண்டக்டர். இரண்டும் ஒரே கதியில் மாறவேண்டிய கட்டாயம் இல்லை. அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு, அடுப்பில் தண்ணீராக இருந்த பாகு ஆறியதும் எப்படி இறுகும் என்று தெரியும். கண்ணாடியில் இந்த இறுக்கம் பிரம்மாண்டமானது. ஜன்னல் கண்ணாடி 1450 டிகிரி வாக்கில் தேன் போலப் பாயும். ஆறி 550 டிகிரி வாக்கில் திடமாகும்போது அதன் பாகுநிலை சுமார் பத்தாயிரம் கோடி மடங்கு கூடியிருக்கும். அதே இறக்கத்தில் மின்கடத்துதிறன் குறைவது வெறும் ஆயிரம் மடங்கு அளவில்தான். வலை உறைந்து நின்ற பிறகும் சோடியம் தாவிக்கொண்டே இருக்கிறது. வார்பர்க்கின் 300 டிகிரிக் கண்ணாடியில் சோடியம் ஓடியது அதனால்தான்.

எந்த அயனி என்பதும் முக்கியம். உருகலில் ஒரே அளவு லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளைத் தனித்தனியாகக் கலந்து பார்த்தால், மிகச் சிறிய லித்தியம் முந்துகிறது, பொட்டாசியம் பின்தங்குகிறது. அப்படியானால் சின்ன உருவம் என்றால் ஓட்டம் அதிகமா? அவ்வளவு எளிதல்ல. கால்சியமும் சோடியமும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் கால்சியத்துக்கு இரட்டை மின்னூட்டம். இரண்டு நுனிகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆகவே சுண்ணாம்புச் சிலிக்கேட் உருகல், சோடாச் சிலிக்கேட்டைவிடக் கணிசமாகக் குறைவாகவே கடத்துகிறது.

இதைவிட விசித்திரம் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கலக்கும்போது நடப்பது. இரண்டில் எது மட்டும் இருந்தாலும் நன்றாகக் கடத்தும் கண்ணாடி, பாதிக்குப் பாதி கலந்தால் கடத்துதிறனைப் பறிகொடுக்கிறது. குறைந்த வெப்பத்தில் பல ஆயிரம் மடங்குகூடக் குறையும். சோடியம் காலி செய்த இடம் சோடியத்தின் அளவுக்குப் பொருந்திய இடம்; பொட்டாசியத்துக்கு அது ஒத்துவராது. அதன் இடம் இதற்கும் சரிப்படாது. ஒருவர் வழியை மற்றவர் அடைத்துக்கொள்கிறார்கள் என்பது தோராயமான விளக்கம். உருகிய நிலையில் வலையே நெகிழ்ந்து கொடுப்பதால் இந்த விளைவு வெகுவாக மங்கிவிடுகிறது.

இதையெல்லாம் அளப்பது எப்படி? சொல்ல எளிது: ஒரு குப்பியில் உருகலை வைத்து, இரண்டு மின்முனைகளை அமிழ்த்தி, தடையை அளந்தால் போயிற்று. செய்யப் போனால் ஒவ்வொன்றும் முரண்டு பிடிக்கும். 1500, 1600 டிகிரியில் சிலிக்கேட் உருகல் ஏறக்குறைய எல்லாக் குப்பியையும் கரைத்துத் தின்னும். பிளாட்டினம் தாங்கும், ஆனால் அதுவே 1768 டிகிரியில் உருகிவிடும். அதற்கு மேல் போக மாலிப்டினம் வேண்டும். மாலிப்டினமோ காற்று பட்டால் எரிந்து புகையாகும். நேர்மின்சாரம் செலுத்தினால் மின்முனைகளில் வேதிமாற்றம் நடந்து அளவு பிசகிவிடும். அதனால் மாறுமின்சாரம்தான். உலையின் மேலும் கீழும் சூடு சற்று மாறினாலும் எண் மாறிவிடும்.

1940களின் இறுதியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜான் பாக்ரிஸ் என்ற மின்வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் இந்த வேலையில் இறங்கினார்கள். அதுவரை உருக்காலைக் கசடைப் பற்றிப் பேசியவர்களில் பலர் அதைக் கால்சியம் சிலிக்கேட் போன்ற மூலக்கூறுகளின் கலவையாகவே கணக்குப் போட்டார்கள். இரும்பு உருக்கிய இடங்களில் கிடக்கும் சிட்டம் என்று ஊர்ப்பக்கம் சொல்வது இந்தக் கசடைத்தான். பாக்ரிஸ் குழு 1952இல் வெளியிட்ட அளவீடுகள் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கின. உருகிய சிலிக்கேட்டுகளில் மின்சாரம் அயனிகளால்தான் போகிறது. அதுவும் ஏறக்குறைய முழுவதையும் நேர்மின் அயனிகளே சுமக்கின்றன; பெரிய சிலிக்கேட் அயனிகளின் பங்கு மிகச் சொற்பம். மின்னோட்டத்தை அளந்து, கண்ணுக்குத் தெரியாத கட்டமைப்பைப் படித்தார்கள். சோடா கொஞ்சம் சேர்த்ததுமே கடத்துதிறன் சிலிக்காவைவிடப் பல நூறு மடங்கு எகிறுவதும், பாகுநிலை தடாலென்று விழுவதும், வலை அறுபடுவதன் இரண்டு அடையாளங்கள். அறுந்த துண்டுகள் குறிப்பிட்ட வளையங்களாக இருக்கும் என்று அவர்கள் போட்ட ஊகம் அப்படியே நிற்கவில்லை. அணுக்களின் பிணைப்பைக் காட்டும் ராமன் நிறமாலை, சிலிக்கான் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு ஆகிய முறைகள் வந்தபின், ஒரே உருகலில் சங்கிலி, தாள், தனி நான்முகி எல்லாம் கலந்து கிடப்பது தெரிந்தது.

நேர்மின் முனையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். சோடியம் அங்கிருந்து விலகிப் போனதும் துணையில்லாத அறுந்த நுனிகள் மிஞ்சுகின்றன. அவை தங்கள் எலக்ட்ரான்களை முனைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டிரண்டாக மறுபடி பாலமாகச் சேர்கின்றன. மிஞ்சும் ஆக்சிஜன் குமிழியாக வெளியேறுகிறது. மின்சாரம் அறுந்த வலையைத் திரும்ப நெய்கிறது என்று சொல்லலாம். நிலவின் மண்ணை உருக்கி இதே முறையில் ஆக்சிஜன் எடுக்கலாம் என்ற திட்டம் இந்த அடிப்படையில் வந்ததுதான். நிலவு மண்ணின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன், பெரும்பாலும் சிலிக்கேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது.

ஆனால் நிலவு மண்ணில் இரும்பும் உண்டு. இரும்பு வந்தால் நாம் இவ்வளவு நேரம் பேசியதில் ஒரு விரிசல் விழுகிறது. இரும்பு இரண்டு மின்னூட்டத்தோடும் இருக்கும், மூன்றோடும் இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் அப்படி இரண்டு இரும்பு அயனிகள் இருந்தால் ஓர் எலக்ட்ரான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியும். அயனி தன் இடத்தை விட்டு அசையவே வேண்டாம். இரும்பு மிகுந்த கசடுகளில் மின்சாரத்தின் ஒரு பகுதி இந்த வழியில் போகிறது. அப்படிப் போகும் பகுதி கசடைச் சூடாக்குமே தவிர, அதிலிருந்து உலோகத்தையோ ஆக்சிஜனையோ பிரித்துத் தராது. மின்னாற்பகுப்பு செய்ய நினைப்பவருக்கு அது நஷ்டக் கணக்கு.

சூடு மட்டும் போதும் என்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. கண்ணாடித் தொழிற்சாலைகளில் உருகலுக்குள்ளேயே மாலிப்டினம் மின்முனைகளைச் செருகி, மாறுமின்சாரத்தைச் செலுத்தி, கண்ணாடியைத் தன் தடையாலேயே சூடாக்குகிறார்கள். மேலே தீ எரித்து உருக்குவதைவிடச் சூடு உள்ளே நேராகப் போய்ச் சேர்கிறது. கவனிக்கவேண்டியது உலைச் சுவர். சோடியம் குறைந்த கண்ணாடி வகைகள் மோசமாகக் கடத்தும். சுவர்க்கல் அதைவிட நன்றாகக் கடத்தினால் கரண்ட் கண்ணாடியை விட்டுவிட்டுச் சுவர் வழியே போய்விடும்.

கல்பாக்கத்திலும் தாராப்பூரிலும் அணுஉலைக் கழிவைப் போரோசிலிக்கேட் (போரான் சேர்ந்த சிலிக்கேட்) கண்ணாடிக்குள் பூட்டிவைக்க இதே தத்துவத்தில் இயங்கும் உலைகளை வைத்திருக்கிறார்கள். கழிவும் கண்ணாடிப் பொருள்களும் சேர்ந்த உருகலே ஹீட்டராகவும் ஆகிறது. ஆனால் குளிர்ந்த கண்ணாடியில் கரண்ட் போகாது அல்லவா. அதனால் இத்தகைய உலையை முதலில் தொடங்கும்போது வெளியிலிருந்து சூடு கொடுத்து உருகல் கடத்தத் தொடங்கும் வரை காத்திருக்கவேண்டும். வகுப்பறைப் பர்னருக்கு இருந்த அதே வேலை.

எரிமலைகளின் அடியில் இருக்கும் உருகிய பாறையும் சிலிக்கேட்தான். அதைத் தோண்டிப் பார்க்க முடியாது. ஆனால் பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றாலும் இடிமின்னலாலும் துடிக்கும்போது நிலத்தடியில் தூண்டப்படும் மின்னோட்டத்தைத் தரையிலிருந்து அளக்க முடியும். உருகாத உலர்ந்த பாறையைவிட உருகல் நூறு மடங்கோ அதற்கு மேலோ கடத்துவதால், வரைபடத்தில் அது தனியாகத் தெரியும். தென் அமெரிக்காவில் பொலிவியா, சிலி, அர்ஜென்டினா எல்லைப் பகுதியின் அடியில் பரந்து கிடக்கும் அல்டிபிளானோ–புனா என்ற மாபெரும் உருகல் மண்டலத்தை இப்படியும் பார்த்திருக்கிறார்கள். நிலநடுக்க அலைகள் மெதுவாகப் போகும் அதே இடத்தில் மின்தடையும் குறைவாக இருக்கிறது.

இங்கேயும் சோடியம்தான் பெரும்பாலும் மின்சாரத்தைச் சுமக்கிறது. உருகலில் நீர் கரைந்திருந்தால் அது வலையை மேலும் அறுத்து ஓட்டத்தைக் கூட்டும். அழுத்தம் ஏறினால் குறையும். அதனால் தரையில் கிடைக்கும் ஒரே எண்ணுக்கு, கொஞ்சமாக இருக்கும் நீர் மிகுந்த உருகலும் காரணமாகலாம், நிறைய இருக்கும் உலர்ந்த உருகலும் காரணமாகலாம், பாறை இடுக்கில் தேங்கிய உப்புநீர்கூடக் காரணமாகலாம். எது என்று பிரிக்க, ஆய்வகத்தில் அதே எரிமலையின் பாறையை அழுத்தத்தில் உருக்கி, எந்தச் சூட்டில், எவ்வளவு நீரில், எவ்வளவு கடத்துகிறது என்று அளந்து வைத்த எண்களோடு ஒப்பிடுகிறார்கள். பாறைத் துகள், சின்ன உலோகக் குழாய், இரண்டு மின்முனைகள், மாறுமின்சாரம்.